பொருத்தம் பார்க்கும் கடைவீதி

உலகத்துப் பெரிய ஆடைக் கம்பெனிகளுக்குத் திண்டுக்கல் என்ற பெயர் பழக்கமானது. பூட்டுக்காகவோ பிரியாணிக்காகவோ இல்லை. 2021 ஜனவரியில், இந்த மாவட்டத்து ஏற்றுமதித் தையல் ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை ஒரு தனிக் கொலை வழக்காக விட்டுவிடவில்லை. ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டம், 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கையில் வந்து நின்றது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. தையல் கூடத்தில் பெண்கள் மீதான அத்துமீறலைத் தடுக்க, துணி வாங்குகிற பிராண்டையும் சேர்த்துப் பொறுப்பில் கட்டிப்போட்ட ஒப்பந்தம் ஆசிய ஆடைத் தொழிலில் அதற்கு முன் இல்லை. அதன் பெயரே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’.

தைக்கிற ஊராக இப்படித் தெரிந்த திண்டுக்கல்லை, உடுத்துகிற ஊராக யாரும் பொருட்படுத்தியதில்லை. பேஷன் பற்றி எழுதுகிறவர்கள் சென்னைக்கு வந்தால் பாண்டி பஜாரோடு நிற்பார்கள். மும்பைக்குப் போனால் பேஷன் ஸ்ட்ரீட், டெல்லி என்றால் சரோஜினி நகர், கடல் தாண்டினால் டோக்கியோவின் ஹராஜுக்கு. மலைக்கோட்டை நிழலில் மெயின் ரோடும் நான்கு ரத வீதிகளும் பெரிய கடைவீதியும் பின்னிக் கிடக்கிற இந்த ஊரில், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் நடக்க இடமிருக்காது. அத்தனை பேரும் எதைப் பார்த்துத் துணி எடுக்கிறார்கள்? யார் சொல்லி எடுக்கிறார்கள்? கடையா, சினிமாவா, தறியா, தெருவா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உடை என்பது, யாரோடு சேர்ந்து நிற்கிறோம் என்று காட்டுகிற காரியம். தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை இரண்டாம்பட்சம். இந்த ஊர்க் கடைவீதியின் அழகும் அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

திண்டுக்கல் சமவெளியில் மூன்று திசையிலும் துணிதான். (மேற்கே ஒட்டன்சத்திரம் மட்டும் காய்கறிக்குப் போய்விட்டது.) வடக்கே வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். கிழக்கே நத்தம், ரெடிமேட் சட்டைக்குப் பேர்போன ஊர். தெற்கே மதுரை ரோட்டில் சுமார் 11 கிலோமீட்டரில் சின்னாளபட்டி. ஊருக்குள்ளேயே நாகல்நகரில் தலைமுறை தலைமுறையாக நெய்த சௌராஷ்டிரக் குடும்பங்கள். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகி, சட்டை கடைக்கு வருவதற்கு வேண்டிய அத்தனை கைகளும் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆனாலும் மெயின் ரோட்டுக் கடையில் தொங்குகிற சேலைகளில் பெரும்பங்கு சூரத்திலிருந்து வந்தது. பனியன், டீஷர்ட் என்றால் திருப்பூர். செய்கிற ஊர் வேறு, உடுத்துகிற ஊர் வேறு என்பது ஜவுளி வியாபாரத்தின் பழைய நியதி. இங்கே இரண்டும் ஒரே ஊராக இருந்தும் அந்த நியதி மாறவில்லை.

சின்னாளபட்டியின் கதை இதற்கு நல்ல சாட்சி. சுங்குடிச் சேலைக்கு ‘மதுரைச் சுங்குடி’ என்ற பெயரில் 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலை பெருவாரியாகத் தயாரான ஊர்களில் சின்னாளபட்டியும் ஒன்று. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் இழுத்தால் முடிச்செல்லாம் தெறித்து உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதற்குக் கூலி கட்டுப்படியாகாதபோது மெழுகு அச்சு வந்தது. கோடைக்கேற்ற மலிவான பருத்திச் சேலையாகச் சுங்குடி வீட்டுக்கு வீடு போனது அந்த அச்சால்தான். இன்னொன்று ‘சின்னாளப்பட்டு’. செயற்கைப் பட்டிழையில் நெய்த, காஞ்சிப் பட்டின் பளபளப்பைக் குறைந்த காசுக்குத் தந்த சேலை. கல்யாண வீட்டில் பட்டுடுத்தியவர்கள் வரிசையில், பட்டு வாங்க வசதியில்லாதவரும் கூச்சமில்லாமல் உட்கார அது வழிசெய்தது. போலி என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. கூட்டத்தோடு சேர்ந்து உட்கார ஒருவருக்கு இடம் வாங்கித் தந்த துணியைப் போலி என்று சொல்ல முடியாது. அதே வேலையைப் பிறகு சூரத் பாலியஸ்டர் இன்னும் மலிவாகச் செய்தது. சின்னாளபட்டித் தறிகள் பாதிக்கப்பட்டது அப்படித்தான்.

நத்தத்துச் சட்டைக்கு இப்படி ஊர்ப்பெயர் ஒட்டவே இல்லை. வெட்டுகிறவர் ஒருவர், காலர் தைக்கிறவர் ஒருவர், காஜா எடுப்பது ஓரிடம், அயர்ன் போட்டு அட்டை வைத்து மடிப்பது வேறிடம் என்று வேலை பிரிந்து, வீட்டுத் திண்ணை வரை பீஸ் ரேட்டில் போகிறது. பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் இரவு பகலாக ஓடும் அந்த மெஷின்களிலிருந்து கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் சட்டை போகிறது. அங்கே போய் எந்தப் பெயர் ஒட்டப்படுகிறதோ அதுதான் அதன் பெயர். திண்டுக்கல் பிளாட்பாரத்தில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று கூவி விற்கிற சட்டையில் வெளிநாட்டு லேபிளை வெட்டியெடுத்த தடம் இருக்கும். வாங்குகிற பையன் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்து ‘ஒரிஜினல்தான்’ என்று திருப்திப்படுகிறான். அவனுடைய அக்கா அப்படியொரு ஆலையில் காலர் தைக்கிறவளாக இருக்கலாம்.

வேடசந்தூர் வட்டாரத்து மில்களைச் சொல்லும்போது ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஊரறியப் பெயர்பெற்ற ஏற்பாட்டைத் தாண்டிப் போக முடியாது. கிராமத்துப் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, சுமார் மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு அது. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பதுதான் பெற்றவர்களுக்குக் காட்டப்பட்ட ஆசை. முகூர்த்தப் பட்டுக்காகப் பருவத்தையே நூலாகத் திரித்துக் கொடுத்த பெண்கள் இந்தச் சமவெளியில் நிறைய.

கடைவீதிக்கு வருவோம். ஜவுளிக்கடைக்குள் பாய் விரித்து, சனங்களை உட்காரவைத்து, விற்பனையாளர் அலமாரியிலிருந்து சேலையை உருவி உருவி விசிறிப் போடுகிற காலம் ஒன்று இருந்தது. அங்கே ரசனையைத் தீர்மானித்தவர் அந்த விற்பனையாளர். வந்தவர்களின் ஊர், சாதி, பணம், கல்யாணமா காதுகுத்தா என்பதெல்லாம் இரண்டே கேள்வியில் கறந்துவிட்டு, அவர்களுக்கு ‘ஏற்றதை’ மட்டும் எடுத்துப் போடுவார். மேல் அடுக்கில் இருக்கும் சேலை சிலர் கண்ணில் படாமலே போகும். தொங்கவிட்ட துணியும் ஒட்டிய விலையும் வந்தபோது பேரம் பேசும் சுகம் போனது உண்மைதான். ஆனால் கூலிவேலைக்குப் போகிற பெண் விலையுயர்ந்த சேலையைத் தொட்டுப் பார்த்து, தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, வாங்காமல் திரும்புவதற்கு உரிமை கிடைத்ததும் அப்போதுதான். பழைய கடையின் அன்யோன்யத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கடைவீதிக்கு வராத துணியும் உண்டு. பைக்கில் மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிற தவணைக்காரர் கொண்டுவருவது அது. வாரம் இவ்வளவு என்று நோட்டில் வரவு வைத்து, ஒரு தெருவில் ஒரு வீட்டில் மூட்டையை அவிழ்ப்பார். பத்து வீட்டுப் பெண்களும் கூடிவிடுவார்கள். ஒருத்தி எடுத்த சேலையை இன்னொருத்தி வேறு கலரில் எடுப்பாள். கடைசியில் தெரு முழுக்க ஒரே டிசைன். ‘அவளைப் பார்த்து நீ எடுத்தியா’ என்ற சண்டை வராது. ‘நம்ம தெருவே எடுத்தோம்’ என்பதுதான் பேச்சு.

பேஷன் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அறிஞர்கள் சொன்ன பதில்கள் சில உண்டு. 1899-இல் அமெரிக்காவின் தார்ஸ்டீன் வெப்லன், பணக்காரர் தம் பணத்தைக் காட்ட உடுத்துகிறார், மற்றவர் அதைப் பின்பற்றுகிறார் என்றார். எம்.என். ஸ்ரீநிவாஸ் 1950-களில் நம் சமூகத்தை வைத்து, கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி என்று சொல்லப்படுகிறவர்களின் பழக்கங்களைக் கைக்கொள்வதைச் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று எழுதினார். இரண்டும் மேலிருந்து கீழே தண்ணீர் பாய்கிற கணக்கு. ஹராஜுக்குவும் 1960-களின் லண்டன் கார்னபி தெருவும் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டன. தெருப்பிள்ளைகள் உடுத்தியதைப் பார்த்துக் கம்பெனிகள் தைத்தன. அறிஞர்களில் எனக்கு உதவியவர் ஜெர்மானியரான கியோர்க் சிம்மல். 1904-இல் வெளியான தம் கட்டுரையில் அவர், பேஷனுக்குள் இரண்டு ஆசைகள் ஒன்றாக வேலை செய்கின்றன என்றார்: மற்றவரோடு ஒன்றிப்போகும் ஆசை, மற்றவரிலிருந்து விலகித் தெரியும் ஆசை. ஊருக்கு ஊர் இந்த இரண்டின் விகிதம் மாறுகிறது. திண்டுக்கல்லில் தராசு முதல் பக்கம் சாய்ந்திருக்கிறது.

சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ வந்தபின் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று பெயர் வைத்து விற்றது நிஜம். 1990-களில் குஷ்பு பெயரில் என்னென்னவோ வந்தன, இட்லிகூட வந்தது. 2015-இல் ‘பிரேமம்’ ஓடியபின் கல்லூரி ஓணத்துக்குக் கருப்புச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு போவது தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வழக்கமாயிற்று. கவனித்தால், இவற்றில் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் வேர்பிடித்தது கூட்டமாகச் செய்யத் தோதான பேஷன்தான். கருப்புச் சட்டை ஒருவன் போட்டால் துக்கம். நாற்பது பேர் போட்டால் பிரேமம். சினிமா விதை தரும். முளைப்பதும் முளைக்காததும் அதை எத்தனை பேர் சேர்ந்து போடலாம் என்பதைப் பொறுத்தது.

இந்த ஊரின் ரசனை உண்மையில் உருவாகும் இடம் ஷோரூம் இல்லை. அதற்குப் பக்கத்தில், பத்தடி அகலத்தில், தரையிலிருந்து கூரை வரை துணி ரோல்களை நிறம் நிறமாக அடுக்கிவைத்திருக்கும் மேட்சிங் சென்டர். வெளியூர்க்காரர்களுக்கு இப்படியொரு கடை எதற்கென்றே புரியாது. சேலையை எடுத்துவந்து, அதற்கு ஜாக்கெட் பிட்டு, லைனிங், பாவாடை, பால்ஸ் நான்கும் பொருத்தமாக எடுப்பது ஒரு தனிப் படலம். கடைக்காரர் ரோலின் நுனியைச் சேலைப் பார்டர் மேல் வைப்பார். ‘லைட்டா இருக்குண்ணே, இதுக்கு ஒரு ஷேடு டார்க்கா குடுங்க’ என்பாள் அந்த அம்மா. இன்னொன்று வரும். ‘ட்யூப்லைட்ல ஒண்ணும் தெரியாதுக்கா, வெளிய வாங்க’ என்று சேலையையும் ரோலையும் சேர்த்தெடுத்துக்கொண்டு அவரே வாசற்படிக்கு வந்துவிடுவார். வெயிலில் இரண்டு பச்சையும் வேறுவேறாகப் பிரிந்துவிடும். ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, வாடாமல்லி, வெங்காயத்தோல், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பட்டால் பேர் வாங்கிய எம்.எஸ். ப்ளூ என்று அவர் வாயிலிருந்து வருகிற நிறங்களுக்கு எந்தப் பெயிண்ட் கம்பெனியின் அட்டையும் ஈடாகாது. ஷோரூமில் முக்கால் மணி நேரத்தில் சேலை எடுத்த குடும்பம் இங்கே அதே முக்கால் மணி நேரத்தை ஒரு மீட்டருக்கும் குறைவான பிட்டுக்காகச் செலவழிக்கும்.

அதன்பின் தையல்காரர். சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில், பெரும்பாலும் ஒரு பெண். அவரிடம் கொடுப்பது ‘அளவு ஜாக்கெட்’: நன்றாக அமைந்த பழைய ஜாக்கெட் ஒன்று. இஞ்சி டேப்பை நம்பாத ஊர் இது. ‘இதே அளவு, கை மட்டும் அரை இஞ்சி இறக்கு, பின்னாடி கழுத்து கொஞ்சம் பெரிசா, ஆனா அத்தை வர்ற விசேஷத்துக்குப் போடணும்’ என்று சொன்னால் போதும். அத்தைக்கும் கழுத்துக்கும் நடுவே எத்தனை இஞ்சி என்று தையல்காரருக்குத் தெரியும். போட் நெக், பானை நெக், பஃப் கை, முதுகில் ஜன்னல், குஞ்சம் தொங்கும் நாடா என்று மாடல்கள் போனில் காட்டப்படுகின்றன. தைப்பது அப்படியே அல்ல; இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்பத் திருத்திய வடிவம். உலகத்துப் பேஷன் இங்கே வந்து இறங்குவதும், வந்தபின் ஊர்ச்சாயல் பெறுவதும் இந்த மெஷினில்தான்.

ஆண்களின் தையல்காரரை ரெடிமேட் சட்டை விழுங்கிவிட்டது. பெல்பாட்டமும் பேகியும் பார்த்த அந்தக் கடைகளில் பல, இப்போது பேண்ட் கீழ்மடிப்பு அடித்துக் கொடுத்துப் பிழைக்கின்றன. ஜாக்கெட்டை ரெடிமேடால் விழுங்க முடியவில்லை. காரணம் உடம்பின் அளவு மட்டுமல்ல. சேலை என்பது தைக்காத துணி; யார் கட்டினாலும் ஒன்றுதான். சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேர் ஒரே சேலை எடுத்தாலும் அவரவர் விருப்பத்துக்கு மிச்சமிருக்கிற இடம் ஜாக்கெட் ஒன்றே. சிம்மலின் இரண்டு ஆசைகளும் இந்த ஊரில் சமரசம் செய்துகொண்ட இடம் என்று அதைச் சொல்லலாம்: சேலையில் கூட்டம், ஜாக்கெட்டில் தான். கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஆரி ஊசியில் ஜரிகையும் மணியும் கோத்துப் போடும் வேலை கடந்த சில ஆண்டுகளில் இப்படிப் பெருகியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சேலை விலையை ஜாக்கெட்டின் வேலைக்கூலி தாண்டுவதும் நடக்கிறது. கட்டில் போன்ற சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து நூலைக் கொக்கியில் வாங்கும் அந்த வேலையை வகுப்பு வைத்துக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே ஆர்டர் எடுக்கும் பெண்கள் எல்லாச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். மடிப்பை முன்கூட்டியே வைத்து அயர்ன் பண்ணிப் பெட்டியில் கொடுக்கிற ‘ப்ரீ பிளீட்டிங்’ இன்னொரு புதுத்தொழில். ஊரின் பேஷன் தொழில் என்று ஒன்றைக் கணக்கெடுத்தால், நான் ஷோரூம்களை விட்டுவிட்டு இவர்களை எண்ணத் தொடங்குவேன்.

இதற்கு நடுவே ஒரு வார்த்தை நைட்டிக்கு. எந்தப் பேஷன் கட்டுரையிலும் இடம்பெறாத, எந்தக் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்ளாத, ஆனால் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தமிழ்ப் பெண்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்துக்கொண்ட புது உடை அது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தண்ணீர்க் குழாய்க்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றலாம். அந்தத் துண்டைக் கண்டுபிடித்தது எந்த டிசைனரும் இல்லை. தெருப் பேஷன் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேறு எங்கே தேடுவது?

ஆண்கள் பக்கம் கூட்டம் இன்னும் வெளிப்படை. கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவோ, கிராமத்து முளைப்பாரியோ, நண்பன் கல்யாணமோ, பதினைந்து இருபது பையன்கள் ஒரே நிறத்தில், ஒரே துணியில் சட்டை போட்டு நிற்பார்கள். ‘செட் சட்டை’. இதற்கென்று காசு பிரித்து, ஒருவனை மெயின் ரோட்டுக்கு அனுப்பி, எல்லா அளவிலும் ஒரே மாடல் கிடைக்கிற கடையைக் கண்டுபிடிப்பது ஒரு வாரத்து வேலை. ஒருவனுக்கு அளவு கிடைக்காவிட்டால் மொத்த மாடலையும் மாற்றுவார்கள். ஹராஜுக்குவின் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பள்ளிச் சீருடையிலிருந்து தப்பிக்கத்தானே அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்கு வந்தார்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டுத் தாங்களே ஒரு சீருடை தைத்துக்கொள்கிறார்கள்.

உடையால் யாரோடு நிற்கிறோம் என்று சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் பெரிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, மேல்சட்டையை விட்டு முழங்கால் வரையிலான துண்டுக்கு மாறினார். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில், கதர் வாங்கக் காசில்லை என்று சொன்னவர்களைப் பார்த்தபின் எடுத்த முடிவு அது. பேஷன் வரலாற்றில் இதைச் சேர்ப்பது சிலருக்குக் கோபம் வரவழைக்கலாம்; ஆனால் உலகப் புகழ்பெற்ற உடை மாற்றங்களில் ஒன்று நடந்தது திண்டுக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கும் குறைவான தூரத்தில். அந்த வழியில் 1947-இல் சின்னாளபட்டியை ஒட்டித் தொடங்கிய காந்திகிராமம் இன்றும் கதர் நூற்கிறது. திண்டுக்கல் தந்த இன்னொரு உடைச் சின்னத்தையும் சொல்லியாக வேண்டும்: 1957-இல் பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு தலையில் கட்டியிருந்த தலைப்பாகை. ஒருவரின் தலைத்துணி கடைக்குப் பெயராகிக் கடல் கடந்தும் போனது.

வேட்டிக்கு வந்த சோதனையும் இங்கே நினைக்கத் தக்கது. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே சட்டமன்றம் அப்படிப்பட்ட தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. வேட்டிக்கு ஒரு சட்டம் இவ்வளவு விரைவில் கிடைத்தது. ஜீன்ஸுக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஒப்பீடு விளையாட்டுக்குச் சொன்னதல்ல. 2012-இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் டீஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களைக் கவர்கிறார்கள் என்று தலித் இளைஞர்களைக் குற்றம் சாட்டிப் பேசினார். அந்தப் பேச்சு மேடையில் ஒருவர் சொன்னதோடு முடிந்திருந்தால் நான் அதை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு பழைய அடக்குமுறை இருக்கிறது: செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த தலைமுறையும், தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற தலைமுறையும் தென்மாவட்டக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவர்களின் பேரன் இஸ்திரி போட்ட ஜீன்ஸோடு பைக்கில் வந்து மெயின் ரோட்டில் இறங்குவது, டவுன் கடைவீதி அவனுக்குத் தந்த விடுதலை. ஊரில் அவனை ‘இன்னார் பேரன்’ என்று பார்க்கிற கண் இங்கே இல்லை. காசு இருந்தால் கண்ணாடிக் கதவு எல்லோருக்கும் திறக்கும். அந்த அளவுக்குக் கடைவீதி யோக்கியமானது.

ஆனால் சேர்ந்து நிற்கிற உடை, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. செட் சட்டையின் நிறம் சில இடங்களில் சாதியின் நிறம். மணிக்கட்டில் கட்டுகிற கயிறு, நெற்றிப் பொட்டு, பனியனில் அச்சடித்த தலைவர் படம் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் ஆளைப் பிரித்துச் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. அதற்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்தால், ஒரு முழக் கயிறு எவ்வளவு கனமானது என்று புரியும். கயிறு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பேஷன்தான்; விற்கிற கடைக்காரருக்கு அது வெறும் நிறம். தடையால் இது நிற்கும் என்று நான் நம்பவில்லை. கயிற்றை எடுத்தால் நிறம் செருப்புக்குப் போகும், பைக் ஸ்டிக்கருக்குப் போகும்.

ஹராஜுக்குவோடு ஒப்பிட்டதை அரைகுறையாக விட்டேன். அங்கே அந்தக் கலாசாரம் வளர்ந்ததற்குக் கடைகளைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1998 வரை, ஞாயிறுதோறும் பக்கத்துப் பெருஞ்சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டார்கள். பைசா செலவில்லாமல் நின்று பார்க்கவும் பார்க்கப்படவும் இடம் கிடைத்தது. ஷோயிச்சி அவோகி 1997-இல் தொடங்கிய ‘ஃப்ரூட்ஸ்’ பத்திரிகை அந்தப் பிள்ளைகளைப் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டியது. நம் ரத வீதியில் நின்றால் ஆட்டோ ஹாரன் அடிக்கும். அதனால் நம் ஊரில் பார்க்கப்படுவதற்கான இடம் கல்யாண மண்டபமும் திருவிழாவும் கல்லூரி விழாவும்தான். மூன்றுமே அழைப்போடோ கூட்டத்தோடோ போகிற இடங்கள். தனியாள் போக முடியாதவை. உடை கூட்டத்துக்கானதாக இருப்பதற்கு இதுவும் பெரிய காரணம். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இப்போது அழைப்பில்லாத ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. அதில் தனியாக நின்று ஆடுகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் பதறுவதற்கு உடையைவிட அந்தத் தனிமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தி வளாகமாக்கியதைக் காட்டி, மெயின் ரோட்டையும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதற்கு முன் வேறொன்று வேண்டும். வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறி வருகிற பெண்கள் ஐந்தாறு மணி நேரம் இந்தக் கடைவீதியில் சுற்றுகிறார்கள். பெரிய ஜவுளி மாளிகைகள் சிறு கடைகளை அடிப்பது விலையால் மட்டுமல்ல. கிழவியை உட்காரவைக்க ஒரு நாற்காலி, பிள்ளைக்குத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை இந்த மூன்றும் அங்கே இருக்கின்றன. மேட்சிங் சென்டரில் எவ்வளவு நல்ல பச்சை இருந்தாலும் இவை இல்லை.

வாங்க வருகிறவர்களாவது சாயங்காலம் வீடு திரும்பலாம். விற்கிற பெண்கள் பத்து மணி நேரம், பண்டிகை நாளில் அதற்கு மேலும் நிற்கிறார்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் அதைத் திரையில் காட்டியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியாக இருந்த பி. விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவருடைய முதல் சண்டை கழிப்பறைக்காக. அடுத்த சண்டை உட்காருவதற்காக. அதன் பலனாக 2018-இல் கேரளமும், அதைத் தொடர்ந்து 2021-இல் தமிழ்நாடும் கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. சட்டப்படி இன்று திண்டுக்கல் மெயின் ரோட்டில் ஒவ்வொரு கடையிலும் விற்பனைப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் இருக்க வேண்டும். அடுத்த முறை சேலை எடுக்கப் போகிறவர்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருந்தால், அதில் அவள் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா என்றும் யோசியுங்கள்.